தாவார்

மொழிக்கழக மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தோழர்கள் கேட்டபோது, மொழி, இலக்கியம், சமுதாயம் என எழுதுவதற்கு எத்தனையோ இருந்தன. ஆனால் என் நினைவில் வந்து நின்றது ஒரு பிரட்டல். ஆம், சட்டியில் போட்டுப் பிரட்டும் பிரட்டல்தான்! கொத்திய கோழிக்கறி, நான்கைந்து வகைக் காய், இஞ்சி, பூண்டு. அடுப்பை மூட்டினால் பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். இதையா மலரில் எழுதுவது என்று சிரித்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் படித்து நான் கற்றுக்கொள்ளாத ஒன்றை அந்தச் சட்டிதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

என் ஊர் சுங்கை ஆயர் தாவார். பெயரைச் சொன்னதும் "எங்கேப்பா இருக்கு அது?" என்றுதான் விடுதியில் எல்லோரும் கேட்பார்கள். கோலசிலாங்கூரைத் தாண்டி, தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சுங்கை பெசார் என்று ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் சபாக் பெர்ணாம் மாவட்டத்தில் வரும் சிற்றூர். செக்கிஞ்சான் வயல்களைப் படம் பிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் படம் பிடிக்க என்ன இருக்கிறது? செம்பனையும் தென்னையும்தான்.

அப்பா தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீடு, பெரட்டுக் களம், மாரியம்மன் கோயில் என்பதுதான் அவருடைய உலகம். பதினேழு வயதில் செம்பனைக் குலை வெட்டப் போனார். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்து, மட்டையை வெட்டி, குலையைத் தள்ளி, பதினைந்து இருபது கிலோ குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சேறும் சகதியுமான பாதையில் சாலை வரை தள்ள வேண்டும். பொழுது விடிவதற்கு முன் போனவர் மதியம் திரும்பி வந்து தட்டில் மலைபோல் சோறு போட்டுச் சாப்பிடுவார். அந்த உழைப்புக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. தின்றதெல்லாம் வியர்வையாய் வெளியேறியது.

பிறகு தோட்டத்தை விட்டு வெளியே வந்தோம். அப்பாவுக்கு ஜாகா வேலை கிடைத்தது. பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேலை. வேலை மாறியது. தட்டு மட்டும் மாறவில்லை! அதே மலை, அதே குழம்பு, ஓரத்தில் ஒரு துண்டு கருவாடு. 2014-ஆம் ஆண்டு அவருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே சோற்றைச் சாப்பிட்டார்.

2022-ஆம் ஆண்டு இறுதியில், காலணிக்குள் கிடந்த சிறு கல் ஒன்று அவருடைய இடது கால் சுண்டுவிரலைக் கிழித்தது. இனிப்புநீர் நாள்பட நாள்பட நரம்புகளைக் கெடுக்கும். காலில் உணர்ச்சி குறையும். கல் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது புண் அழுகிவிட்டது. மருத்துவமனையில் விரலை எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது தேர்வு நேரம். "புள்ள படிக்கட்டும்" என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. தேர்வு முடிந்து வீட்டிற்குப் போனேன். வாசலில் அப்பா கட்டுப் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வா தம்பி, சாப்பிட்டியா?" என்றார்.

அந்தக் கணம் எனக்கு ஏற்பட்டது துக்கமா, கோபமா, குற்றவுணர்வா என்று இன்று வரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

படித்த பிள்ளை அல்லவா? படித்த பிள்ளை செய்வதைத்தான் நானும் செய்தேன். புள்ளிவிவரத்தோடு வந்தேன்! சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. "ஏறக்குறைய மூன்று பேரில் ஒருத்தர்ப்பா!" என்று கைத்தொலைபேசியைக் காட்டி முழங்கினேன்.

அப்பா நிதானமாகக் கேட்டார்: "அந்த மூனு பேர்ல ஒருத்தன் நான்தான்னு சொல்ல இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தியா?"

என்னிடம் பதில் இல்லை.

கிளினிக்கில் கொடுத்த ஒரு தாள் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு தட்டின் படம். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். மலாயில் 'சுக்கு சுக்கு செபாரோ', அதாவது கால், கால், அரை. எளிமையான கணக்கு. அப்பா அதைப் படித்துவிட்டு, "சுக்கு சுக்குன்னு போட்டிருக்கு, கஷாயமா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

தாள் சுவரில் இருந்தது. சமைக்க யார் இருக்கிறார்கள்? அம்மா ஒரு மீன் உருண்டைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழு ஆகிவிடும். வந்ததும் உலையை வைத்துவிட்டு, கருவாடு பொரிப்பார். இல்லையென்றால் டின் மத்தியில் வெங்காயம் போட்டுக் கிளறுவார். "அரைத் தட்டுக் காய்க்கு அரை நாள் நறுக்கணும் ஐயா, எனக்கு ஏது நேரம்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். குற்றம் சொல்லத்தான் நமக்கு நேரம் இருக்கிறது!

சீக்கிரமாக முடிகிற, காய் நிறைய இருக்கிற ஒரு சமையலை இணையத்தில் தேடினேன். அமெரிக்கச் சமையல் குறிப்பு ஒன்று கிடைத்தது. முதல் வரியே 'அரைத்த வான்கோழி இறைச்சி, அரை கிலோ' என்றது. மாட்டிறைச்சியைவிடக் கொழுப்பு குறைவு என்று அங்கே பலர் அதை விரும்பி வாங்குகிறார்கள்.

"வான்கோழியா?" அம்மா வாயைப் பிளந்தார். "அதுக்கு நான் எந்த ஊருக்குப் போவேன்?"

கம்பத்தில் யாராவது ஓரிருவர் ஆசைக்கு வளர்ப்பதோடு சரி. அதைப் பிடித்து அரைத்துப் பிரட்டவா முடியும்! ஆரம்பப் பள்ளியில் படித்த மூதுரையில், மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் ஆடப் போன வான்கோழிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துச் சுங்கை ஆயர் தாவாரில் சமைக்கக் கிளம்பிய நானும் அந்த இனம்தானே!

ஆனால் இந்தப் பறவையின் கதை வேடிக்கையானது. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரை வைத்தனர். துருக்கியர்களோ அதை 'ஹிந்தி', அதாவது இந்தியக் கோழி என்கிறார்கள். நம் மலாய்க்காரர்களுக்கு அது 'ஆயாம் பெலண்டா', டச்சுக் கோழி! போகிற ஊரிலெல்லாம் வேறொரு நாட்டின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிற பறவை. எங்கள் வீட்டிற்கு வரும்போது அது சாதாரணக் கோழியாகவே மாறிவிட்டால் என்ன குறைந்துவிடும்? தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியிலும் கொழுப்பு குறைவுதான்.

முதல் நாள் முயற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேரங்காடியில் உறையவைத்த கொத்துக் கோழி வாங்கி வந்தேன். அது முழுமையாக உருகுவதற்கு முன்பே சூடேறாத சட்டியில் கொட்டினேன். கறியிலிருந்து தண்ணீர் விட்டு, வறுபடுவதற்குப் பதிலாக அவிந்து, சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று கிடந்தது. காய்களை எல்லாம் ஒரே நேரத்தில் அள்ளிப் போட்டேன். கேரட் வேகவில்லை, சாவிக் கீரை குழைந்து போனது. இனிப்புக் கிச்சாப்பில் சர்க்கரை, மற்றதில் உப்பு என்று இரண்டையும் விலக்கிவிட்டேன். அப்பாவின் தட்டில் நானே அளந்து கால் பங்குச் சோறு வைத்தேன். தட்டின் நடுவே அது ஒரு சிறு குவியலாக உட்கார்ந்திருந்தது.

அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். "தாவார்" என்றார்.

மலாயில் தாவார் என்றால் சப்பென்று இருப்பது. தட்டைத் தள்ளிவிட்டு, ஊறுகாய்ப் போத்தலை எடுத்தபடி சோற்றுப் பானை பக்கம் திரும்பினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒரு விரல் போனது பத்தலையா உங்களுக்கு?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். வீடே அமைதியானது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஊறுகாய்ப் போத்தலை மூடி வைத்தார். கையைக் கழுவினார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து அறைக்குள் போய்விட்டார். அந்த நடையை நான் என் வாழ்நாள் முழுவதும் மறக்க முடியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. துணி காயப்போட்டுக்கொண்டே அம்மா பேசினார். "உங்க பாட்டி ஜப்பான்காரன் காலத்துல பத்து வயசுப் புள்ள. தோட்டத்துல அரிசி கிடையாது. மரவள்ளிக் கிழங்குதான், காலையிலயும் அதுதான், ராத்திரியிலயும் அதுதான். அதுகூட இல்லாம பட்டினி கிடந்திருக்காங்க. அதனால தான் பெத்த புள்ளைக்கு ஒரு நாளும் தட்டு குறையக் கூடாதுன்னு வைராக்கியம். அப்பா தட்டுல சோறு கொறஞ்சா பாட்டி அழுதிடுவாங்க. நீ நேத்து பிச்சை போடுற மாதிரி ஒரு பிடி வச்சிட்டு நின்னே..."

1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியைப் பற்றி நான் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த வரலாறு என் அப்பாவின் தட்டில் மலையாகக் குவிந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை! அவர் சோற்றை அதிகமாகச் சாப்பிட்டார் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சோறு அவருடைய அம்மாவின் அன்பு என்பது தெரியவில்லை.

அன்று மாலை சந்தைக்குப் போய்க் கோழி நெஞ்சுக்கறி வாங்கினேன். அரைத்துத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். "அந்த மெஷின்ல மாட்டையும் அரைப்பாங்க, வேணாம்" என்று அம்மா முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். முழுத் துண்டாகவே வாங்கி வந்து, உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்தேன். கறி சற்று இறுகினால் கொத்துவது சுலபம். மரப்பலகையையும் இரண்டு கத்திகளையும் எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன் வைத்தேன்.

"ப்பா, எனக்குக் கொத்த வரலை. நீங்க கொத்திக் கொடுங்க."

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியின் முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு கத்தியா? தீட்டணும், கல்லை எடு" என்றார். குலை வெட்டுகிறவனுக்கு மழுங்கிய இரும்பைத் தொடப் பிடிக்காது. தீட்டி முடித்து, இரண்டு கையிலும் கத்தியைப் பிடித்து டக் டக் டக் என்று கொத்த ஆரம்பித்தார். விரல் போன காலை முக்காலியில் வைத்துக்கொண்டு, கைகள் மட்டும் தாளம் தவறாமல் ஏறி இறங்கின. ஐந்தே நிமிடத்தில் கறி பஞ்சு போல் ஆனது. கத்தியை வைக்க மனமில்லாமல் காய்களையும் அவரே நறுக்கினார். முப்பது ஆண்டுகள் அரிவாள் பிடித்த கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது!

விடுதி வாழ் நண்பர்களுக்காகச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். நால்வருக்கு 400 கிராம் நெஞ்சுக்கறி போதும். கேரட் ஒன்று, பயற்றங்காய் பத்து, முட்டைக்கோஸ் கால் துண்டு, சாவிக் கீரை ஒரு கட்டு, தவ்கே ஒரு கைப்பிடி. கட்டை விரல் அளவு இஞ்சி, ஐந்து பல் பூண்டு, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. எல்லாவற்றையும் நறுக்கி வைத்த பிறகுதான் அடுப்பை மூட்ட வேண்டும். மூட்டிய பிறகு நறுக்க நேரம் கிடைக்காது.

சட்டியை நன்றாகக் காயவிட்டு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். கறியைப் பரப்பிவிட்டு, இரண்டு நிமிடம் தொடாதீர்கள். என் முதல் நாள் தவறே சும்மா கிண்டிக்கொண்டிருந்ததுதான். அடி சிவந்த பிறகு உடைத்துப் பிரட்டுங்கள். விட்ட தண்ணீர் வற்றி, மீண்டும் எண்ணெய் 'சொய்' என்று சத்தம் போட வேண்டும். கொத்திய கோழியில் இளஞ்சிவப்பு கொஞ்சமும் இருக்கக் கூடாது. முழுத் துண்டில் பெரும்பாலும் மேலே இருக்கும் கிருமி கொத்தும்போது கறி முழுவதும் கலந்துவிடும் அல்லவா? அதனால் உள்ளேயும் வேக வேண்டும். கறியை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் இஞ்சி, பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை. வாசம் வந்ததும் கேரட்டும் பயற்றங்காயும். இரண்டு நிமிடம் கழித்துக் கோஸ். பிறகு சாவி. கடைசியில் தவ்கேயும் வெந்த கறியும். உப்புக் கிச்சாப் ஒரு தேக்கரண்டி மட்டும், அதுவும் இறக்கும் நேரத்தில். முன்பே ஊற்றினால் காய் தண்ணீர் விடும். இனிப்புக் கிச்சாப் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவி, கஸ்தூரி எலுமிச்சை இரண்டைப் பிழிந்துவிடுங்கள். புளிப்பும் காரமும் சேர்ந்தால் உப்புக் குறைவு தெரியாது.

அன்று இரவு சோற்றை நான் அளக்கவில்லை. பெரிய தட்டை எடுக்காமல் சிறிய தட்டை எடுத்தேன், அவ்வளவுதான். பிரட்டலை முதலில் அள்ளி வைத்தேன். மீதி இடத்தில் அப்பாவே சோற்றைப் போட்டுக்கொண்டார். தட்டு நிறைந்திருந்தது. பாட்டி பார்த்திருந்தாலும் அழுதிருக்க மாட்டார்.

ஒரு வாய் எடுத்தார். மென்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"இன்னைக்கும் தாவார்தான்" என்றார். என் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டேய், நம்ம ஊர் பேரு என்ன? ஆயர் தாவார்னா உப்பு கரிக்காத தண்ணி. நல்ல தண்ணி. கடல் பக்கத்துல இருக்கிறவனுக்குத்தான்டா தாவாரோட அருமை தெரியும்."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பிரட்டல் எடுத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த ஊர்ப் பெயரை முகவரியில் எழுதி வந்திருக்கிறேன். ஒரு நாளும் அதன் பொருளை யோசித்ததில்லை. ஒரே சொல். நாக்குக்குச் சப்பென்று இருப்பதும் தாவார்தான். தாகத்திற்கு உயிர் தருவதும் தாவார்தான். தமிழில் நாம் அதைத்தானே நல்ல தண்ணீர் என்கிறோம்?

இதெல்லாம் 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பருவ விடுமுறையில் நடந்தது. விடுமுறை முடிந்து நான் திரும்பிய பிறகும் வாரத்தில் மூன்று நாள் அந்தப் பிரட்டல் தொடர்ந்தது. அம்மா வேலை முடிந்து வருவதற்குள் அப்பா கறியையும் காயையும் கொத்தி நறுக்கி மூடி வைத்துவிடுவார். அம்மா வந்து சட்டியை ஏற்றினால் பத்து நிமிடம். அந்த ஆண்டு இறுதியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரை அளவு பத்துக்கு மேலிருந்து எட்டுக்கு இறங்கியிருந்தது. முழுப் பெருமையையும் பிரட்டலுக்குக் கொடுத்தால் அது மருந்துக்குச் செய்யும் துரோகம். மருத்துவர் இன்சுலின் போட ஆரம்பித்ததும் அந்த நேரத்தில்தான். எட்டும் நல்ல எண் அல்ல என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்னும் இறங்க வேண்டும். போன விரல் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் புண் ஆறிவிட்டது.

நண்பர்களே, நம்மில் பலர் தோட்டங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள். நம் வீடுகளில் இந்த நோய் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாம் கற்றதை எல்லாம் பெற்றோரிடம் சொல்லத் துடிக்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்களுடைய தட்டில் இருப்பது என்ன, அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறோமா?

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சந்தையில் இறங்கி அரை கிலோ கோழியும் நாலு வகைக் காயும் வாங்கிக்கொண்டு போங்கள். கத்தியை அப்பாவிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வான்கோழி கிடைத்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். அப்பா கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறார்!